கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த துஆ

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வருஷம் பதினொரு நாள் என் கைப்பையில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது. டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் நான்காக மடித்து வைத்திருந்தேன். இன்று கொடுத்துவிடுவது என்று தினமும் கிளம்புவேன். கொடுக்காமலே திரும்புவேன். அந்தக் கடிதம் ஏன் கைமாறவில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். புகழெல்லாம் அல்லாஹ் ஒருவனுக்கே.

என் பெயர் ஹமீதா. வீடு காரைக்காலில். லாரி எடை போடும் வேபிரிட்ஜ் ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கரி லாரி, மணல் லாரி, அறுவடைக் காலத்தில் நெல் லாரி எல்லாம் வந்து மேடையில் ஏறி நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பதிந்து சீட்டு எடுத்துக் கொடுப்பேன். வெளியே வெயிலில் நின்று வண்டி நம்பரைச் சரிபார்ப்பவள் செல்வி. காரைக்கால்மேட்டுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் வீட்டுக்காரர் படகில் போகிறவர்.

எங்கள் வேலையில் முக்கியமான கட்டளை ஒன்றுதான். வண்டி ஏறியதும் திரையில் சிவப்பு எண் ஆடும். மேலே போகும், கீழே வரும். அது அசையாமல் நிற்கிறவரை பிரிண்ட் பட்டனைத் தொடக் கூடாது. எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். இந்த வண்டி எவ்வளவு வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு, எண் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறவியிலேயே எனக்கு இந்த வியாதி உண்டு. எதுவானாலும் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்பது உட்பட. என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்: "செத்து அடக்குனதும் கபுருல மலக்கு வந்து கேள்வி கேட்டா, நீ அவங்களத் திருப்பிக் கேப்ப புள்ள."

அப்படிப்பட்ட எனக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம். வேபிரிட்ஜை முதலாளி விற்கப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் வாங்குகிறார், எப்போது, எங்களை வைத்துக்கொள்வார்களா, ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசர் கணேசன் சாரைக் கேட்டால், "வேலையைப் பாருங்கம்மா" என்பார். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், கூட வேலை பார்க்கும் பாபு என்று ஒருவர் உண்டு. நாளுக்கொரு செய்தி போடுவார். ஒரு நாள் சென்னை பார்ட்டி வாங்கிவிட்டது என்பார். மறுநாள், ஆளே வேண்டாம், எல்லாம் கேமரா, மெஷின் என்பார். அதற்கு மறுநாள், இழுத்து மூடப் போகிறார்கள் என்பார். மூன்றையும் நான் நம்பினேன்.

என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவராக இருந்தவர். முதுகுத்தண்டு பழுதாகித் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான். இந்த வேலை போனால் அவளை மேலே படிக்க வைக்க முடியாது. அதுதான் என் பயம். ராப்பகலாக அதுதான்.

டீக்கடையில் கேட்டேன். லாரி டிரைவர்களைக் கேட்டேன். முதலாளியைக் காரில் கொண்டுவந்து விடும் தம்பிக்கு இரண்டு தடவை சமோசா வாங்கிக் கொடுத்தும் கேட்டேன். சமோசாவைத் தின்றுவிட்டு, "எனக்கென்னக்கா தெரியும்?" என்று போய்விட்டான்.

நாகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் லாத்தாதான் அந்த யோசனையைச் சொன்னாள். என் கூடப்பிறந்த அக்காள். "வழி தெரியாதப்ப தொழுவுற இஸ்திகாரா இருக்கே, அதத் தொழுவுடி. ரெண்டு ரக்அத் தொழுதுட்டு துஆவ ஓது. இருக்குறதா, போறதான்னு அல்லா கனவுல காட்டிக் கொடுத்துருவான்" என்றாள். துஆ அச்சடித்த அட்டை ஒன்றையும் கொடுத்தனுப்பினாள். அரபு வாசகம், அதன் கீழே அதையே தமிழ் எழுத்தில் போட்டிருந்தது. அட்டையை என் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வேபிரிட்ஜ் அறையின் கண்ணாடியில் செலோடேப் போட்டு ஒட்டினேன். மதியம் லுஹர் தொழுததும் அறை மூலையிலேயே இரண்டு ரக்அத் தொழுவேன். பிறகு அட்டையைப் பார்த்துக் கண்ணீரோடு ஓதுவேன்.

கனவும் வந்தது. வராமல் என்ன! கனவு வரும் வரும் என்று படுத்தால் எவருக்கும் வரும். ஒரு ஆடு எங்கள் எடைச் சீட்டுகளைத் தின்றது. லாத்தாவுக்குப் போன் செய்தேன். "ஆடா? பரக்கத்துடி. வேலைலயே இரு" என்றாள். நான்கு நாள் கழித்து ஒரு கறுப்பு நண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. "கறுப்பா? அய்யோ, அப்ப சரியில்ல. விட்டுரு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரம்! "ஆடு சொன்னதக் கேக்குறதா, நண்டு சொன்னதக் கேக்குறதா லாத்தா?" என்றேன். "இன்னும் தொழுவு" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு பச்சைக் கேட் வந்தது. திறந்திருந்தது. அவ்வளவுதான் கனவு. லாத்தா துள்ளிக் குதித்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம். சம்பளம் குறைச்சல். ஆனால் நிரந்தரம். அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் பச்சை!

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பச்சைதான். பேசினார்கள், பிடித்திருந்தது, ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள். அன்றே வீட்டுக்கு வந்து ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். கைப்பையில் வைத்தேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேனா, வழியெல்லாம் பச்சைக் கேட்டாகவே வந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினாலோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். நாகூரில் பச்சைக் கேட்டுக்கா பஞ்சம்? இதில் அல்லாஹ் எந்தக் கேட்டைக் காட்டினான்? இந்தக் கேள்வியை லாத்தாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதம் பையிலேயே கிடந்தது.

பதினோராம் நாள் மதியம், இன்று கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்திருந்தேன். தொழுது, துஆ ஓதிவிட்டு நாற்காலிக்கு வந்தேன். ஒரு நெல் லாரி மேடையில் ஏறியது. மனம் எங்கேயோ இருந்தது. எண் ஆடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்திவிட்டேன். சீட்டு வந்துவிட்டது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "யம்மா, காலையில லோடு ஏத்துன எடத்துல எடை போட்டதுக்கு முந்நூறு கிலோ கூட இருக்கு. வர்ற வழியில என் வண்டி என்ன புள்ளத்தாச்சியா ஆயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணேசன் சார் வந்து சீட்டை ரத்து செய்தார். ஒன்றும் திட்டவில்லை. ஒன்பது வருஷத்தில் என் முதல் தப்பு அது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

செல்வி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள். "என்னக்கா, ஒரு சீட்டுக்குப் போயி?"

"சீட்டுக்கு இல்ல செல்வி. நான் ஒரு மாசமா கேக்குறேன். வேலை இருக்குமா, போயிடுமா, ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்னு கேக்குறேன். அல்லா பதிலே சொல்ல மாட்டேங்குறான்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு புரியலக்கா. 'உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது'ன்னு நீங்கதான தெனமும் சாமிகிட்ட சொல்றீங்க? அப்புறம் தெரியலையேன்னு எதுக்கு அழுவுறீங்க?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"அந்த அட்டையிலதான் இருக்கே."

"ஒனக்கு அரபி எப்படித் தெரியும்?"

"அரபியா? தமிழ்லதான்க்கா எழுதியிருக்கு. பின்பக்கம். வெயில்ல நிக்கிறப்ப வேற என்ன வேலை? தெனம் அதத்தான் படிப்பேன். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

நான் எழுந்து வெளியே ஓடினேன். செல்வி நிற்கிற இடத்தில் போய் நின்றேன். ஒன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட நிற்காத இடம் அது. கண்ணாடியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அட்டையின் முதுகு தெரிந்தது. துஆவின் பொருளைத் தமிழில் அச்சடித்திருந்தார்கள். யா அல்லாஹ், நீ அறிகிறாய், நான் அறியமாட்டேன். மறைவானவை எல்லாம் உனக்கே தெரியும். இது எனக்கு நல்லதானால் இலேசாக்கிக் கொடு. கெட்டதானால் என்னை விட்டு அதையும், அதை விட்டு என்னையும் திருப்பிவிடு. நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என் மனம் நிறையும்படி செய்.

அந்த வெயிலில் அப்படியே நின்றேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் துருவித் துருவிக் கேட்டவள் நான். ஆனால் நான் ஓதுவதற்கு என்ன பொருள் என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லை, அட்டையைத் திருப்பிப் பார்த்ததுமில்லை! 'எனக்குத் தெரியாது' என்று வாயால் சொல்லிக்கொண்டே, தெரிந்தாக வேண்டும் என்று அல்லாஹ்வோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

எங்கள் தெருவில் மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவிடம் அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன். "கனவு வந்தே ஆகணும்னு யாரும்மா சொன்னது? கேட்டுட்டு, நாலு பேர்கிட்ட விசாரிச்சு, நிதானமா அடியெடுத்து வைக்கணும். மிச்சத்த அவன் பாத்துக்குவான்" என்றார்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. எண் ஆடிக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் மத்தியானமே பார்த்துவிட்டேனே. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன். லாத்தா இரண்டு வாரம் பேசவில்லை.

மறுநாள் கணேசன் சாரிடம் போனேன். இந்தத் தடவை துப்புத் துலக்கப் போகவில்லை. "சார், உங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க. தெரியாததத் தெரியாதுன்னே சொல்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்" என்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "விக்கிறது உண்மைம்மா. வேற எதுவும் எனக்கும் தெரியாது. என் வேலை இருக்குமான்னே தெரியாது. வீட்டுல இன்னும் சொல்லல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் இவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். பாவம், அவரிடம் மறைக்க ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் தெரியாததற்குத் தெரியாது என்றே சொன்னேன். நானும் செல்வியும் வீணாய்ப்போன சீட்டு ஒன்றின் பின்னால், நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்னென்ன என்று எழுதிப் பார்த்தோம். வேபிரிட்ஜை விற்கிறார்கள். லாரி இன்றும் வருகிறது. இந்த மாதச் சம்பளம் உண்டு. செல்வி பேனாவை வாங்கி, "இன்னிக்கு மத்திக் குழம்பு" என்று சேர்த்தாள். அன்றைக்குத்தான் பல வாரத்துக்குப் பிறகு நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் புது முதலாளி வந்தார். வேலையில் இருப்பவர்கள் இருக்கலாம், மூன்று மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்றார். கணேசன் சாரையும் வைத்துக்கொண்டார். வதந்தியை நம்பி முன்னமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இரண்டு பேர். அதில் பாபுவும் ஒருவர். திரும்பி வந்து கேட்டார்கள். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாபு குடையில்லாமல் நனைந்துகொண்டே போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் நானும் அவர்களில் ஒருத்தி. என்னை அதை விட்டுத் திருப்பியவன் அல்லாஹ். ஆட்டையோ நண்டையோ அனுப்பவில்லை. செல்வியின் வாயை அனுப்பினான். அல்ஹம்துலில்லாஹ்!

கேமராவும் வந்தது. செல்வியின் வேலை போய்விடுமோ என்று கதிகலங்கினோம். ஆனால் மழைச் சேறு அப்பிய நம்பரைக் கேமராவால் படிக்க முடியவில்லை. செல்வி படிக்கிறாள். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். நாகூர்ப் பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறொரு பெண் போனாள், நன்றாக இருக்கிறாளாம். அங்கே போயிருந்தால் என் கதை என்னவாகியிருக்கும்? நினைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியாது.

என் வேலை இன்றும் மூன்று மாத வேலைதான். நிச்சயம் கேட்டேன், நிச்சயம் கிடைக்கவில்லை. துஆவின் கடைசி வரியில் கேட்ட மனநிறைவு கிடைத்தது. இதை வாசிக்கிற யாருக்காவது நாளை என்ன ஆகுமோ என்ற நடுக்கம் இருந்தால், இரண்டு ரக்அத் தொழுங்கள். துஆவை ஓதுங்கள். தயவுசெய்து அட்டையைத் திருப்பிப் பொருளையும் படியுங்கள். அவனுக்குத் தெரியும் என்பதை நம்பி உங்கள் வேலையைப் பாருங்கள்.

அரபு எனக்கு மனப்பாடமாகிவிட்டதால், தமிழ் என்னைப் பார்க்கும்படி அட்டையைத் திருப்பி ஒட்டினேன். மறுநாளே செல்வி சண்டைக்கு வந்துவிட்டாள்: "நான் மட்டும் வெளிய நின்னு எதப் படிக்கிறது?" இன்னொரு அட்டை வாங்கி, தமிழ் அவளைப் பார்க்கும்படி முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டேன்.

போன வாரம் கையெழுத்துப் போடுகிற நாள் நெருங்கியது. செல்வி கண்ணாடியைத் தட்டினாள். "அக்கா, அடுத்த மூணு மாசம் போடுவாங்களா?"

"எனக்குத் தெரியாது செல்வி."

அவள் அட்டையை ஒரு தடவை பார்த்தாள். "சரி, வண்டி ஏறிடுச்சு. எவ்வளவு வரும், சொல்லுங்க பாப்போம்" என்றாள்.