யாரும் உட்காரக் கூடாத பெஞ்சு

திருப்பதியில் புதிதாகத் திறந்த நகர அருங்காட்சியகத்தில், பழைய சினிமா போஸ்டர்களுக்கும் ஒரு ஜட்கா வண்டிக்கும் நடுவே டீக்கடை பெஞ்சு ஒன்றை வைத்திருந்தார்கள். பாகாலாவிலிருந்து, அதாவது எங்கள் ஊரிலிருந்து வந்தது. 'ஊரே உட்கார்ந்து பேசிய இடம்' என்று பலகையில் தெலுங்கில் பெருமையாக எழுதியிருந்தது.

அதற்குக் காவல் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சீருடைப் புடவை, வீங்கிய பாதங்கள். நாற்காலி தரவில்லை. ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொள்வார், சற்று நேரத்தில் கால் மாற்றுவார்.

போட்டோவுக்காக உட்காரப் போன என்னைக் கை நீட்டி மறித்து, கூடாது என்று தெலுங்கில் சொன்னார்.

"எங்க ஊரு பெஞ்சும்மா. எங்க தாத்தா தெனமும் உக்காந்தது," என்றேன் தமிழில்.

அவரும் தமிழுக்கு மாறினார். "எனக்கும் பாகாலாதான் சார். எங்க நைனா டீ கிளாஸ வச்சிக்கினு ரோட்டோரமா குந்திக்கினு குடிக்கும். காலனி ஆளுங்கள இதுல உக்கார உடமாட்டாங்க."

"அப்ப நீங்களாவது கொஞ்சம் உக்காருங்க. கால் வீங்கியிருக்கே," என்றேன்.

"வாணாம் சார். ஸ்ரீ சிட்டி கம்பெனியில நின்னுக்கினே வேல செஞ்சி பழகிடுச்சி. இதுல இப்ப யாரையும் உடறதில்ல. இந்த வேலயில எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான்."

மறித்த கையை அவர் இன்னும் இறக்கவில்லை.