பாத்திமா மேரியின் வெடித்த வயல்

பூதலூர்ப் பக்கத்தில் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். தண்ணீர் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவள் பாத்திமா மேரி ஒருத்திதான். ஊர் அவளுக்குக் கிறுக்கு என்று பெயர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும், பெயர் வைக்கக் காசா பணமா.

அவள் பிறந்தது வேதாரண்யத்தில், உப்பளத்தில் வேலை செய்த குடும்பத்தில். பாத்தியில் எத்தனை விரல் தண்ணீர் நிற்க வேண்டும், எப்போது காய விட வேண்டும் என்பதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். சகாயநாதனைக் கட்டிக்கொண்டு பூதலூர்ப் பக்கம் வந்தபோது, கழுத்தில் காதில் இருந்ததை விற்று ஒரு ஏக்கர் வயல் வாங்கினார்கள். பத்திரம் அவள் பெயரில். சில வருடங்களில் சகாயநாதன் குவைத்துக்கு ஓட்டுநராகப் போய்விட்டான். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் போயிருந்தார்கள். வயலும் அவளும் மிஞ்சினார்கள்.

மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்து, குறுவை கைவிட்டு, சம்பா மட்டுமே கதியென்று கிடந்த வருடங்கள் அவை. பக்கத்து வயல்காரர் ரகுராமன் சென்னையில் இருந்தபடியே தன் நிலத்தை வீட்டுமனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அங்கே மஞ்சள் பூசிய கற்கள் முளைத்தன. அடுத்த மாதமே சகாயநாதன் குவைத்திலிருந்து விற்பனைப் பத்திரத்தை அனுப்பி வைத்தான். அவள் கையெழுத்துப் போட்டால் போதும், இந்த ஏக்கரிலும் கல் முளைத்துவிடும்.

"இந்த ஒரு சம்பா பாப்போம்" என்றாள் போனில்.

"அறுப்புல ஊருக்குக் கண்ட மூட்டை நமக்கும் காணணும். ஒரு மூட்டை கொறஞ்சாலும் கையெழுத்துப் போடணும். சரியா?"

"சரி" என்றாள். சொல்லிவிட்டுப் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மைத் துறையிலிருந்து ஷைலஜா என்ற அலுவலர் ஒரு குழாயோடு வந்தார். ஒரு அடி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் துளைகள். பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட வழி என்றார். குழாயை வயலில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மேலே வயல் காய்ந்தாலும் அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குழாய்க்குள் தெரியும். தரைக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகு தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக் கூடாது.

கூட்டத்தில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். வயலுக்குக் காய்ச்சல் பார்க்கிற கருவியா என்று ஒருவர் கேட்டார். பாத்திமா மேரி சிரிக்கவில்லை. காய விட்டு அளந்து பார்க்கிற வேலை அவளுக்குப் புதிதா என்ன?

"எனக்கு ஒண்ணு குடுங்க மேடம்" என்று கை நீட்டினாள்.

நடவு முடிந்து வேர் பிடித்ததும் குழாயைப் புதைத்தாள். ஐப்பசி மழையும் அந்த வருடம் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தது. முறை வைத்து வந்த வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்குள் நுழைய விடாமல் வாய்மடையை மண்வெட்டியால் அடைத்துத் திருப்பி விட்டாள். மூன்று முறை அப்படி விட்டுக்கொடுத்தாள். கீழ் வயல்காரர்கள் வாய் கொள்ளாத சிரிப்போடு வாங்கிக்கொண்டார்கள். அவள் வயல் வெளுத்தது, பிறகு வெடித்தது.

அந்த ஊரில் வெடித்த வயல் என்றால் மானக்கேடு. அதுவும் கண்ணுசாமிக்கு. அவர்தான் ஊரின் நீர்பாய்ச்சி. வாய்க்காலில் வருவதை வயல் வயலாகப் பிரித்து விடுவார். அதற்கு அறுப்பின்போது வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் அவர் கூலி. முப்பது வருடத்தில் தன் பார்வையில் ஒரு வயல் வெடித்ததில்லை என்பது அவர் பெருமை. வாய் ஓயாமல் சொல்லிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பூண்டி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, மனசு கேட்காமல் வாய்மடையை வெட்டிவிட்டார்.

திரும்பி வந்தவள் வரப்பில் நின்று கத்திய கத்தலில் கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க அண்ணே?"

"பயிரு வாய் தொறந்து கெடக்கும்மா. பாத்துக்கிட்டு நா சோறு திங்கவா?"

"அது என் பயிரு! அதுக்குத் தாகம் எடுத்தா எனக்குத் தெரியும்!"

மண்வெட்டியை வாங்கி மடையை அடைத்தபோதுதான் கவனித்தாள். அவள் கிளம்பியதிலிருந்து தண்ணீர் பாய்ந்திருக்கிறது, வயலோ நிரம்பவில்லை. வெடிப்பு வழியாக இறங்கி, வரப்புக்கு அடியில் புகுந்து, ரகுராமனின் பழைய வயலில் மஞ்சள் கற்களைச் சுற்றித் தேங்கி நின்றது. கோபம் அப்படியே நின்றுவிட்டது. களிமண் இது. அரை அடி இறங்கும்வரை காத்திருந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. வெடித்தபின் எவ்வளவு விட்டாலும் ஓடிப்போகும். கண்ணுசாமி செய்த தப்பில்தான் அது அவளுக்குத் தெரிந்தது. இதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அரிவாள் நுனியால் குழாயின் உள்பக்கம், தரையிலிருந்து நாலு விரல் கீழே ஒரு கோடு கீறினாள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் மடையைத் திறக்க வேண்டும்.

அடுத்த வாரம் வந்த ஷைலஜா முகம் சுளித்தார். "அரை அடின்னு ஆராய்ச்சி பண்ணி எழுதுனதும்மா. நீங்களா மாத்தலாமா?"

"அவங்க மண்ணப் பாத்து அவங்க எழுதுனாங்க. எங்க மண்ணப் பாக்க யாரு வந்தா? நான்தான் நிக்கிறேன்."

ஷைலஜா குனிந்து குழாய்க்குள் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, நாலு விரல் என்று எழுதிக்கொண்டார். அந்த அம்மாவிடமும் நல்ல குணம் இருந்தது.

மார்கழியில் கதிர் பூத்தது. இனி வயலில் தண்ணீர் நின்றாக வேண்டும். அன்றைய முறை கீழ் வயல்காரர்களுடையது. விட்டுக்கொடுத்த முறையைத் திரும்பக் கேட்கும் வழக்கம் ஊரில் கிடையாது. பாத்திமா மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் கீழே போகும் வழியை மறித்து நின்றாள்.

"வேண்டாம்னு நீதானே திருப்பி விட்ட?" என்று ஆட்கள் குதித்தார்கள்.

"மூணு தடவை குடிச்சீங்கல்ல? ஒரு தடவை குடுங்க. இல்லன்னா என்னத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க!"

யாரும் தூக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அவள் நடுங்கியது குளிரால். பயம் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்தார்கள். கண்ணுசாமி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். மண்வெட்டியை எடுத்து அவள் மடையை வெட்டிவிட்டார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் அணையை மூடினார்கள். மாசியில் அறுப்பு. அவள் களத்தில் கதிர்க்கட்டு குவிந்தபோது கண்ணுசாமி பக்கத்தில் வரவே இல்லை. அவளே ஒரு கட்டைத் தூக்கிப் போய் அவர் முன்னால் போட்டாள்.

"நா ஒன் வயலுக்கு ஒழுங்காத் தண்ணி கட்டலியேம்மா. கட்டு எப்படி வாங்குறது?"

"பூக்குறப்ப வெட்டி விட்டதுக்கு ஒரு கட்டு" என்றாள். போய் இன்னொன்றும் தூக்கி வந்தாள். "இது அந்த ஞாயித்துக்கெழமைக்கு."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை சகாயநாதன் போன் செய்தான்.

"எவ்வளவு கண்டுச்சு?"

"ஊருக்குக் கண்டதுதான். ஒரு மூட்டை கொறையல."

"கூடவும் இல்லையே. அப்புறம் குழாயி, அளவுன்னு என்னத்தக் கிழிச்ச?"

"அவங்க குடிச்ச தண்ணியில பாதியக் குடிச்சிட்டு என் பயிரு அதே மூட்டையக் குடுத்துருக்கு. நீங்க இருக்குற ஊருல தண்ணிய வெலைக்கு வாங்குறாங்கன்னு எங்கிட்டச் சொன்னது நீங்கதானே? அதோட அருமை ஒங்களுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

அவன் பேச்சை மாற்றினான். "அந்தப் பத்திரம் என்ன ஆச்சு?" என்றான்.

"பத்திரமா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உண்மைதான். வயலிலிருந்து பிடுங்கி வந்த குழாயைக் கழுவிக் காய வைத்திருந்தாள். அடுத்த சாகுபடிவரை பரணில் கிடக்க வேண்டியது. திறந்த வாயோடு வைத்தால் குளவி கூடு கட்டிவிடும். மாதா படத்துக்குப் பின்னால் இருந்த விற்பனைப் பத்திரத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து, பந்தாகச் சுருட்டி, குழாயின் இரண்டு வாயிலும் இறுக அடைத்தாள்.