சம்மதம் கேட்டு வந்த பிரியாணி

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டை விட்டு என் கணவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தாய்லாந்து எல்லையைத் தாண்டி, என்னிடமும் நீதிமன்றத்திடமும் கேட்காமல் இரண்டாவது நிக்காஹ் செய்துகொண்டு, காப்பாரில் குடியிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு வந்த ஒருவர் போனில் படம் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. மகள் டெங்கியில் கிடந்தபோதும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்மாடியில் இருக்கும் அவருடைய அக்கா பிரியாணிச் சட்டியோடு ஏறி வந்தார்.

"அந்தப் புள்ள முழுகாம இருக்கு. கல்யாணத்தப் பதியணும். கோர்ட்ல வந்து சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு லா. ஆம்பளைக்கு மார்க்கத்துல உரிமை இருக்குல்ல."

"கண்டிப்பா வரேன் லாத்தா," என்றேன்.

எங்கள் நாட்டில் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை ஓர் உறுதிமொழி வாசித்துக் கையெழுத்திடுவார். மனைவியை நான்கு மாதம் கவனிக்காமல் விட்டு, அவள் அதை ஷரியா நீதிமன்றத்தில் நிரூபித்தால் மணம் முறியும். அவர் மைக்கில் வாசித்தவர்தான். மறந்துவிட்டார். மறுநாளே அந்தத் தாளோடு போய் வழக்குப் பதிந்தேன். சாட்சி என்ற இடத்தில் அவருடைய அக்காவின் பெயரை எழுதினேன்.

இரண்டாவது மணத்தைப் பதியக் கேட்டு அவர் போட்ட மனுவின் விசாரணைக்கு, பெருநாளுக்கு உடுத்தும் பாஜு குரோங் அங்கியில் போனேன்.

"நீ நல்லவள்னு எனக்குத் தெரியும்," என்று கணவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். நீதிபதி கேட்டபோது, சம்மதமில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, என் வழக்கையும் சொன்னேன். கணவருடைய முகம் மாறியதை நிதானமாகப் பார்த்தேன்.

என் வழக்கு வந்தபோது நான் சத்தியம் செய்தேன். அடுத்து அவருடைய அக்கா. தம்பி எங்கள் வீட்டுக்கு வந்துபோனாரா என்று கேட்டார்கள். அல்லாஹ்மேல் ஆணையிட்ட வாயால் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்குத் தெரிஞ்சு வரல," என்றார், தரையைப் பார்த்தபடி.

மணம் முறிந்தது. அனுமதியில்லாமல் கட்டியதற்கு அவருக்குத் தனியாகத் தண்டனையும் கிடைத்தது.

நீதிமன்ற வாசலில் முன்னாள் கணவர், "பழி வாங்கிட்டல்ல," என்றார்.

"ஆமா."

காப்பார் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்மேல் இருக்கிறது, குறைக்க நான் முயலவும் இல்லை. அவருடைய அக்காவை லிஃப்டில் பார்த்தால் உரக்க சலாம் சொல்வேன். பதில் சொல்வது கடமை என்பதால் அவர் முணுமுணுப்பார். அது எனக்கு இன்னும் இனிக்கிறது.