ஃபெம்மி அத்தை கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட கதை

எங்கள் நியூ ஜெர்சியில் அப்போது ஓரளவு சொத்து இருந்தால் பெண்பிள்ளையும் ஓட்டுப் போடலாம். ஆனால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆகிவிட்டால் சொத்து புருஷனுடையது, ஓட்டும் போச்சு. அதனால்தான் பக்கத்து ஆப்பிள் தோப்புக்காரி, விதவை ஃபெம்மி அத்தை, மாவு மில்லுக்காரர் ஜேபெஸ் டன் என்பவரை வருஷக்கணக்காகக் காக்க வைத்தாள்.

அவர் ஆடம்ஸ் கட்சி, அத்தை ஜெபர்சன் கட்சி. தேர்தலன்று ஒரே வண்டியில் போவார்கள். அவர் ஓட்டுச்சீட்டும் இவள் சீட்டும் ஒன்றுக்கொன்று சரியாகிப்போகும். சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். அவர் பெண் கேட்டால், அடுத்த தேர்தல் முடியட்டும் என்பாள். எங்கள் ஊரில் தேர்தல் முடிவதே இல்லை.

அவர் பெண் கேட்கப் போவது ஊருக்கே தெரியட்டும் என்று நான் விளையாட்டாக அவர் வண்டிக்கு அடியில் மாட்டுமணி ஒன்றைக் கட்டிவிட்டேன். மனுஷன் சக்கரம்தான் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் விட்டே ஓய்ந்துபோனார்.

அப்புறம் தலைநகர் ட்ரென்டனில் ஆண்கள் கூடிச் சட்டம் போட்டார்கள். பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் இனி ஓட்டு கிடையாதாம்.  அத்தை ஆப்பிளை எதிரி மாதிரி பிழிந்தாள். நான் போய் மணியை அவிழ்த்துவிட்டேன்.

சத்தமில்லாமல் வந்து இறங்கிய ஜேபெஸ், நீலக் கோட்டை நீவியபடி, இனித் தடை ஏதும் இல்லையே என்று சொல்லித் தொலைத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓட்டைப் பிடுங்கிட்டு ஆறுதலுக்கு உங்களைக் கொடுத்தனுப்பினாங்களா, மில்லுக்காரரே?"

அவர் வண்டிவரை போனார். திரும்பி வந்தார்.

"என்கிட்ட ஒரு ஓட்டு இருக்கு, ஃபெம்மி. ஒரு தேர்தல் உன் பேச்சு, ஒரு தேர்தல் என் பேச்சு."

"முதல்ல யார் பேச்சு?"

அடுத்து வருவது ஜனாதிபதி தேர்தல். பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "உன்னோடது," என்றார்.

வசந்தத்தில் கல்யாணம். நவம்பரில் அத்தை எழுதிக் கொடுத்த சீட்டோடு அவர் ஓட்டுச்சாவடிக்குள் போக, அவள் வாசலில் காவல் நின்றாள். புளித்த ஆப்பிள் சைடர் குடித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"போட்டீங்களா?"

"போட்டுட்டேன். பெட்டிகூட என்னைப் பார்த்துச் சிரிச்சுது."

ஊர் பார்க்க அத்தை அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "அடுத்த தடவை உங்க முறை. அந்தச் சீட்டையும் நானே எழுதித் தரேன்."

"எழுது. ஆனா படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."