பதினெட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்

வேலையிடத்தில் அவளுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். மின்னணுச் சில்லு தயாரிப்பவர்கள் அனுப்பும் தலையணைக் கனத்துக் கையேட்டை அடிக்குறிப்பு வரை விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வரியைப் படித்தும் படிக்காத மாதிரி இருந்துவிட்டாள். நோயாளியின் விரலில் மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மணி அடிக்கும் கருவி, அவர்கள் நிறுவனம் செய்வது. அதற்கு நிரல் எழுதியது அவள். சில்லின் நினைவகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையேட்டில் கட்டம் போட்டிருந்தார்கள். நிரல் வளர்ந்து கட்டம் நிறைந்துவிட்டது. அடுத்த கட்டத்தில் ‘ஒதுக்கப்பட்டது, பயன்படுத்த வேண்டாம்’ என்று இருந்தது. சும்மா ஓர் எண்ணை அங்கே எழுதி, அழியாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. மின்சாரத்தை அணைத்து மறுபடி போட்டாள், அப்போதும் நின்றது. பெரிய சில்லுக்கே சின்னப் பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும்! மணி எத்தனை விநாடி பொறுத்து அடிக்க வேண்டும் என்ற எண்ணை அங்கே குடிவைத்தாள். பத்து விநாடி. நாலு வருடம் ஒரு குறையும் இல்லை.

அண்ணனுக்கு நெஞ்சு மோசமானபோது, புதுச் சரக்கிலிருந்து ஒன்றைத் தானே பொறுக்கி எடுத்து வந்தாள்.

“இனிமே நீங்க கண்ணு முழிச்சிக் கெடக்க வேணாம் அண்ணி. எதாவதுன்னா இது ஊரையே எழுப்பிடும்.”

ஒரு பிற்பகல் மூன்றரை மணிக்கு, பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அண்ணி விழித்துப் பார்த்தபோது அண்ணன் இல்லை. “மணி அடிச்சு ஓஞ்சிருக்கும், பாவி நான் தூங்கிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்களும் வாசலில் நின்று அதையே மென்றார்கள்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு, யாரும் அணைக்காமல் மூலையில் தள்ளியிருந்த கருவி வீறிட்டது.

“அந்தச் சனியன நிறுத்துங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

அவள்தான் போய் அணைத்தாள். புதுச் சரக்கில் வந்த சில்லு நிஜமாகவே சின்னதாக இருந்திருக்க வேண்டும்; எழுதியது நிற்காத இடத்தைப் படித்தால் இருப்பதிலேயே பெரிய எண்தான் வரும்: அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து. அத்தனை விநாடி என்றால் பதினெட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். ஒன்பது இருபதிலிருந்து பின்னால் எண்ணினாள். முந்தின நாள் பிற்பகல் மூன்று மணி எட்டு நிமிடம். அண்ணனுக்கு மூச்சு இறங்கிய நிமிடம் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஒரே வாரத்தில் நிரலைத் திருத்தினாள். முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, வெளியே போன கருவிகளையெல்லாம் திருப்பி வரவழைத்தாள். அண்ணியிடம் மட்டும் வாய் வரவில்லை. வெட்கம், அதைவிடப் பயம். அண்ணியோ தூங்கிவிடுவோமோ என்று நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். சோற்றைக்கூட நின்றுகொண்டே இரண்டு வாய் விழுங்கினாள்.

இருபதாம் நாள், அதற்கு மேல் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அண்ணி, அன்னிக்கு மணி அடிக்கவே இல்ல. நான் செஞ்ச தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்ல.”

அண்ணி மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“மறுநாள் காலையிலயே.”

“அப்போ இத்தன நாளும் நான் நின்னத நீ பாத்துக்கிட்டுதான் இருந்த.”

அண்ணி தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

“கதவச் சாத்திட்டுப் போ. நான் கொஞ்சம் தூங்கணும்.”