ஒரு மிதி

ஜனவரி 17, மாலை 4:52. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு.

குழாய் சொட்டுவது நின்றது.

வில்லிஸ்டன் என்ற ஊருக்கு வெளியே, எண்ணெய்க் கிணற்று ஆட்களின் வண்டிவீடுகள் நிற்கும் மைதானம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. தண்ணீர் உறையாதிருக்கக் குழாயைச் சொட்டவிட்டே வைத்திருப்போம். அடியில் குழாயைச் சுற்றிய சூட்டுக் கம்பியை மின்சாரத்தில் செருக மறந்திருந்தேன். கிணற்று வேலைக்குப் போன கணவர் டிராவிஸ் வெள்ளிக்கிழமைதான் வருவார். நானும் ஐந்து மாதக் குழந்தை மேபிளும் மட்டும். குழாய் வெடித்தால் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

பக்கத்து வண்டிவீட்டு வெர்லினுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, கம்பியைச் சொருகுன்னு காலைலயே தொண்டை கிழியச் சொன்னேனே! சரி, ஹேர் டிரையரோட கீழ போறேன். குழாயைத் திறந்து வை. தண்ணி வந்தா தரைல ஒரு மிதி. வரலைன்னா ரெண்டு. நீ ஒரு மிதி மிதிக்கற வரைக்கும் வெளிய வரமாட்டேன்."

5:06. தரைக்கடியில் ஊரும் சத்தம். பிறகு டிரையரின் உறுமல்.

"வருதா?"

இரண்டு மிதி.

5:14. "வருதா?"

இரண்டு மிதி. கீழிருந்து வந்த குரல் கரகரத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

5:20. "வருதா, கண்ணு?"

வெர்லின் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை...

குழாய் இருமியது. தண்ணீர் கொட்டியது. காலைத் தூக்கினேன்.

போன் அடித்தது. வெர்லின்.

"மன்னிச்சுக்கம்மா, என் குழாயும் போச்சு. இப்பதான் கிளம்புறேன்."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

கீழே உறுமல் நிற்கவில்லை...

பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். வண்டியின் அடியைச் சுற்றி அடைத்த தெர்மாகோல் பலகைகளில் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. பனியில் கால்தடம் இல்லை. வெர்லின் வந்து பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். யாருமில்லை.

குழாய் மட்டும் சுட்டது.

மறுநாள்தான் வெர்லின் சொன்னார். போன குளிர்காலத்தில் இதே இடத்தில் ரஸ்ஸல் என்பவனும் மனைவியும் இருந்தார்கள். அவன் உறைந்த குழாயை இளக்கக் கீழே போனான். தண்ணீர் வந்தால் ஒரு மிதி மிதிக்க அவள் மேலே காத்திருந்து, அசதியில் தூங்கிவிட்டாள். காற்று பனியைக் குவித்து வழியை அடைத்துவிட்டது. காலையில் எடுத்தபோது விறைத்துக் கிடந்தான். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் இரவெல்லாம் கொட்டியிருக்கிறது.

யாரும் மிதிக்கவில்லை.

பனி இளகும்வரை வண்டியை நகர்த்த முடியாது. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வெறுங்காலோடு, பூனைபோல் நடக்கிறேன். ஒரு மிதி மிதித்தால் அவன் வெளியே வருவான்.

வெள்ளிக்கிழமை, மாலை 5:20. டிராவிஸ் வாசலில் நின்று, பூட்ஸில் ஒட்டிய பனியை உதற, தரையில் மிதிக்கக் காலைத் தூக்கினார். அடியிலிருந்து கேட்டது.

"வருதா, கண்ணு?"