கண்ணக் காட்டு

பாகூர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த காதர் பாய் காலமாகிவிட்டார். கிருமாம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது என் தம்பி ஆறுமுகம் வாசலில் வந்து நின்றான். "பாய் பூட்டாருண்ணா" என்றான்.

பாயை அறிந்தவர்களுக்கு அவர் வழக்கம் தெரியும். யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். "கண்ணக் காட்டு" என்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. நாலு பேர் நடுவில் வாத்தியாரான எனக்கும் அதே மரியாதைதான்.

முன்பு ஒரு தடவை தம்பிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். சாராயம் ஆகாது என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். அவனோ பெரிய துரை மாதிரி நேராகச் சாராயக் கடைக்குத்தான் போனான். சில நாளில் சோறு இறங்கவில்லை, எழுந்து நடக்கவும் முடியவில்லை. பாய் வீட்டுக்கு வந்து இமையை இழுத்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"ஈரல் வெந்து கெடக்குது வாத்தியாரே. புழு மருந்து மேல குத்தமில்ல. அதோட சாராயம் சேந்துக்கினுது."

கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கித் தினமும் அவரே கொண்டுவந்து புகட்டினார். பிழைத்துவிடுவானா என்று கேட்டேன். "நான் இன்னா அல்லாவா? எனக்கு அரைக்கத்தான் தெரியும்" என்றார். மஞ்சள் போய்க் கண் வெளுத்த அன்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சேதி பரவியதும் ஊர்க் குடிகாரர்களுக்குக் கொண்டாட்டம். குடிப்பதற்கு முன்பே அந்தப் பச்சிலையில் ஓர் உருண்டை விழுங்கிவிட்டால் ஈரல் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கடையில் வந்து நின்றார்கள். முதல் ஆளாக நின்றவன் என் தம்பி!

"வேலியக் கட்டிட்டு மாட்ட உள்ள வுடச் சொல்றியா? பச்சிலை உன்னக் காப்பாத்துச்சா, குடிக்காம கெடந்தது காப்பாத்துச்சா, எனக்கே தெரியாதுடா. தெனம் பொழுது சாஞ்சா வந்து கண்ணக் காட்டிட்டு வூட்டுக்குப் போ."

இமையை இழுத்துப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுவர வேண்டும். வாயில் வாடை இருந்தால் தப்ப முடியாது. பாய் திட்டமாட்டார், முகம் மட்டும் சுருங்கிப்போகும். அதைப் பார்க்க முடியாமலே தம்பி குடியை விட்டான். விட்ட பிறகும் கண்ணைக் காட்டப் போவதை நிறுத்தவில்லை.

பாயின் உடலை எடுப்பதற்கு முன் எங்களை முகம் பார்க்க விட்டார்கள். தம்பி குனிந்து, தன் கீழ் இமையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துக்குங்க பாய்" என்றான்.

பாயின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். என் தம்பி இருக்கிறான்.